டாக்டர் போட்ட கணக்கு

கோல்ஃப் ஆடுகிறவர்கள் கோல்ஃபைப் பற்றிப் பேசுவது குறைவு. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், நான் குடியிருக்கும் விர்ரல் பக்கம், சனிக்கிழமை ஆட்டம் முடிந்து சூடாக ஒரு சூப் முன்னால் உட்கார்ந்தால் முதல் பேச்சு மழைக்கோட்டைப் பற்றித்தான் வரும். யாருடையது தோள்பட்டையில் ஒழுகியது, யாருடையது கையை ஓங்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் போட்டு மனுஷனைக் கெடுத்தது என்று. அடுத்தது, முன்னால் போன நால்வர் எப்படி ஊர்ந்தார்கள் என்ற புலம்பல். கடைசியாக மதிப்பெண் முறைச் சண்டை. அடித்த அடியை எல்லாம் கூட்டுவதா, குழிக்கு இத்தனை புள்ளி என்று போடுவதா?

திருநெல்வேலியில் கிரிக்கெட் மட்டையோடு வளர்ந்தவன் நான். ஆஸ்பத்திரி வேலைக்காக இங்கே வந்த இடத்தில், ஒரு சீனியர் சர்ஜன் என் கையில் கோல்ஃப் கட்டையைத் திணித்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு இந்த ஆட்டத்தின் பழைய கதைகளைத் தேடிப் படிக்கிற பழக்கமும் சேர்ந்துகொண்டது. அப்போது கண்ணில் பட்ட ஒரு வேடிக்கை: எங்கே தோண்டினாலும் ஒரு டாக்டர் எழுந்து வருகிறார்.

கோல்ஃபுக்கு எழுதிவைத்த விதிகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 1744-இல் எடின்பரோவுக்குப் பக்கத்து லீத் மைதானத்தில் எழுதப்பட்டது. மொத்தம் 13 விதிகள். நகரசபை ஒரு வெள்ளிக் கட்டையைப் பரிசாக அறிவித்தது. போட்டி என்று வந்துவிட்டால் சண்டை வருமே, அதற்காக எழுதிவைத்தார்கள். அந்தப் பரிசை முதலில் வென்றவர் ஜான் ராட்ரே, தொழிலில் சர்ஜன். அடுத்த ஆண்டே இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் கலகப் படையோடு வைத்தியராகப் போய், 1746-இல் கலோடன் போரில் தோற்றுப் பிடிபட்டார். தலை தப்பியது, லீத்தில் அவரோடு கோல்ஃப் ஆடிய ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ் சிபாரிசு செய்ததால்தான் என்று சொல்வார்கள். 1751-இல் ராட்ரே மறுபடியும் அந்த வெள்ளிக் கட்டையை வென்றார்.

அந்த 13 விதிகளிலேயே மழை வந்துவிட்டது. தண்ணீரிலோ, தண்ணீர் தேங்கிய அசிங்கத்திலோ பந்து விழுந்தால் எடுத்துப் பின்னால் கொண்டுபோய் வைத்து அடிக்கலாம். எதிராளிக்கு ஒரு அடி விட்டுக்கொடுக்க வேண்டும். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் வேறு எதற்கு முதலில் விதி எழுதுவார்கள்?

அன்றைய பந்து இன்னும் பெரிய பிரச்சினை. தோலைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்து, உள்ளே ஒரு தொப்பி கொள்ளும் அளவு வாத்து இறகை வேகவைத்துத் திணிப்பார்கள். காய்ந்து இறுகினால் கல் மாதிரி இருக்கும். கைதேர்ந்தவன்கூட ஒரு நாளைக்கு மூன்று நான்கு பந்துதான் செய்ய முடியும். ஆனால் ஈரம் பட்டால் தோல் ஊறும், தையல் விடும், அடித்த அடியில் இறகு பறக்கும். மழை நாளில் ஆடுவதற்குக் கோட்டு மட்டும் போதாது, கையில் காசும் வேண்டும். வசதியுள்ளவர்கள் மட்டும் ஆடினார்கள். மைதானமும் காலியாகவே கிடந்தது.

இதை மாற்றியது மலாய்க் காட்டின் ஒரு மரப்பால். சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மாண்ட்காமரி — இவரும் சர்ஜன்தான் — உள்ளூர்க்காரர்கள் வெட்டுக்கத்திக்குப் பிடி செய்யும் கட்டபர்ச்சா என்ற பிசினைக் கவனித்து 1843-இல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி குழையும், ஆறினால் இறுகும், தண்ணீர் உள்ளே போகாது. கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக அது உலகம் சுற்றியது தனிக் கதை. கோல்ஃப் பந்தாக அது மாறியதற்கு இங்கே ஒரு கதை சொல்வார்கள். இந்தியாவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துக்கு ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். உடையாமல் இருக்கச் சுற்றிலும் கட்டபர்ச்சாத் துண்டுகளைப் போட்டு அனுப்பியிருந்தார்களாம். ராபர்ட் பேட்டர்சன் என்ற மாணவர் அந்தத் துண்டுகளை உருக்கி உருட்டிப் பந்தாக்கினாராம். நிஜமோ பொய்யோ, பெருமாள் காலடியில் கோல்ஃப் மறுபிறவி எடுத்தது என்று கிளப்பில் நான் சொல்லும்போது யாரும் மறுத்ததில்லை.

1848 வாக்கில் இந்தப் பந்து பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பெரிய ஆட்டக்காரர் ஆலன் ராபர்ட்சனின் பிழைப்பு இறகுப் பந்தில். அவரிடம் வேலை செய்த டாம் மாரிஸ் புதுப் பந்தை வைத்து ஆடினார் என்பதற்காக இருவரும் முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள். மாரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக்குக்குப் போய்விட்டார். தடுத்து என்ன பயன்? மழைக்கு அசையாது, நசுங்கினால் வெந்நீரில் போட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம், விலையோ கொஞ்சம். குமாஸ்தாவும் கடைக்காரரும் ஆட வந்தார்கள். ரயில் வேறு வந்து கடற்கரையில் இறக்கிவிட்டது. அந்த நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தெங்கும் கிளப்புகள் முளைத்தன. மெதுவாட்டம் என்ற வியாதி இங்கே ஆரம்பிக்கிறது. தனியாகப் போகிறவன் எவ்வளவு மெதுவாகப் போனால் யாருக்கென்ன? பின்னால் ஆள் நிற்கும்போதுதான் அது குற்றம்.

பந்து மாறிய வேகத்துக்கு உடுப்பு ஈடுகொடுக்கவில்லை. கிளாஸ்கோவின் சார்ல்ஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிக்கு நடுவே ரப்பரைப் பூசி ஒட்டும் வித்தைக்கு 1823-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். மழை உள்ளே வராது, சரி. வியர்வை வெளியே போகாதே! ஆரம்பகாலக் கோட்டுகள் குளிரில் விறைத்தன, வெயிலில் பிசுபிசுத்தன. அதைப் போட்டுக்கொண்டு கட்டையை ஓங்குவது நடக்கிற காரியமா? பெரும்பாலோர் கனத்த கம்பளி ட்வீடில்தான் நனைந்தார்கள். 1879-இல் தாமஸ் பர்பெரி நெய்த பிறகு துணியைப் பதப்படுத்தாமல், நூலையே முதலில் பதப்படுத்தி நெருக்கி நெய்த கபர்டீன் கொண்டுவந்தார். காற்று போய்வந்தது, கை மடங்கியது. இன்று நாங்கள் போட்டிருப்பதற்குத் தாத்தா 1969-இல் அமெரிக்காவில் பிறந்தது. பாப் கோர் என்பவர் டெஃப்ளான் தண்டு ஒன்றைச் சூடாக்கி வெடுக்கென்று இழுக்க, அது அறுந்துபோகாமல் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வாயிற்று. மழைத்துளி நுழைய முடியாது, வியர்வை ஆவி வெளியேறும். கோர்-டெக்ஸ் என்ற பெயரில் அது உடையாக விற்பனைக்கு வந்தது 1976-இல். அதற்கு முந்தைய தலைமுறைகள் எல்லாம் உள்ளே வெந்தோ வெளியே நனைந்தோதான் ஆடியிருக்கின்றன.

கணக்குக்கு வருவோம். லீத் காலத்து ஆட்டம் ஒருவனுக்கு ஒருவன். குழிக்குக் குழி சண்டை. ஒரு குழியில் பதினோரு அடி வாங்கினாலும் போனது அந்த ஒரு குழிதான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம். 1759-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் வேறு வழி சொன்னார்கள்: எல்லாக் குழிக்கும் ஆன அடிகளை மொத்தமாகக் கூட்டி, குறைந்தவனுக்குப் பரிசு. கூட்டத்தில் ஒரு வெற்றியாளனைப் பொறுக்க அது சுலபமான வழி. ஆனால் ஒவ்வொரு பந்தும் குழிக்குள் விழுந்தே ஆகவேண்டும். அந்தப் பதினோராவது அடியும் கணக்கில் ஏறும். ஆகவே அரையடி தூரத்துப் பந்துக்கும் மனுஷன் குனிந்து, நிமிர்ந்து, சுற்றிவந்து, மறுபடி குனிவான். மூன்றாவது குழியில் மானம் போனவன் மிச்சப் பதினைந்து குழியையும் எதற்கு ஆடுகிறோம் என்று தெரியாமலே ஆடுவான். இல்லையென்றால் கணக்கு அட்டையைக் கிழித்துப்போட்டு வீட்டுக்குப் போவான்.

1890 வாக்கில் கவென்ட்ரியைச் சேர்ந்த ஹியூ ராதரம் ஒரு யோசனை சொன்னார். தவறே செய்யாத நல்ல ஆட்டக்காரனுக்கு ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று நிர்ணயித்துவிட்டு, எல்லோரும் அந்தக் கற்பனை ஆளோடு குழிக்குக் குழி மோதட்டும். கிரேட் யார்மத் கிளப்பின் செயலாளர் தாமஸ் பிரவுன் — கடற்படை டாக்டர், வேறென்ன! — அந்த வருடங்களில் எல்லோரும் முணுமுணுத்த ஒரு பாட்டில் வரும் பூச்சாண்டியின் பெயரை அந்தக் கற்பனை எதிராளிக்கு வைத்தார்: போகி. காஸ்போர்ட்டில் ராணுவ, கடற்படை அதிகாரிகள் கிளப்பில் பதவி இல்லாதவனைச் சேர்ப்பதில்லை. அவர்கள் 1892-இல் பூச்சாண்டிக்குக் கர்னல் பதவி கொடுத்தார்கள். அந்தக் கர்னல் பெயரில் 1914-இல் ஒரு ராணுவ மெட்டு வந்தது. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் கைதிகள் விசிலடித்துக்கொண்டு வருவார்களே, அதுதான். அந்தக் கைதிகள் போட்ட சயாம் ரயில் பாதையில் வேலைசெய்து மாண்ட மலாயாத் தமிழர்களுக்கு அந்தப் படத்தில் இடமில்லை; அதனால் அந்த மெட்டை யாராவது இங்கே முணுமுணுத்தால் எனக்கு ரசிக்காது.

கர்னல் போகி நல்ல எதிராளி, ஆனால் ஈவிரக்கம் இல்லாதவர். வெயிலானாலும் புயலானாலும் அவர் நாலு அடியில் முடித்துவிடுவார். எதிர்க்காற்றில் ஐந்தில் முடித்தவனும் தோற்றவன்தான், எட்டில் முடித்தவனும் தோற்றவன்தான்.

இதில் கைவைத்தவர் ஃபிராங்க் பார்னி கார்ட்டன் ஸ்டேபிள்ஃபோர்ட், சர்ஜன். 1898 செப்டம்பரில், வேல்ஸின் பெனார்த்தில் கிளமார்கன்ஷயர் கோல்ஃப் கிளப்பில், தன் ஏற்பாட்டை முதலில் சோதித்துப் பார்த்தார். கர்னலோடு சமன் செய்தால் இரண்டு புள்ளி, ஓரடியில் ஜெயித்தால் மூன்று, ஈரடியில் ஜெயித்தால் நான்கு. ஓரடியில் தோற்றால் ஒன்று. அந்தக் கடைசி ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது. நாடித்துடிப்பு இருக்கிறவனைப் பிண அறைக்கு அனுப்பாத டாக்டர் புத்தி அது.

பெனார்த்தில் அது அதோடு நின்றது. போயர் யுத்தத்திலும் முதல் உலகப் போரிலும் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிவிட்டு, அவர் எங்கள் பக்கத்து வாலஸி கோல்ஃப் கிளப்பில் வந்து சேர்ந்தார். வாலஸி மைதானம் மணல் குன்றுகளுக்கு நடுவே லிவர்பூல் வளைகுடாவைப் பார்த்தபடி கிடக்கிறது. அங்கே காற்று என்பது விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். முதல் குழியிலேயே நனைந்து, இரண்டாவதில் எதிர்க்காற்றில் அடித்தால், முழு பலத்தோடு அடித்த பந்து தெரு மூலையில் விழுந்த மாதிரி பக்கத்திலேயே விழும். 1931 கடைசியில் அந்த இரண்டாவது குழியின் பாதையில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோதுதான், தொடக்கத்திலேயே அட்டையைக் கிழிக்கிறவர்களை நினைத்துப் பழைய யோசனையை மறுபடி கையில் எடுத்தார். 1932 மே 16 அன்று வாலஸியில் போட்டி நடந்தது. இந்த முறை பிடித்துக்கொண்டது. பிரிட்டனில் பரவி, ஆஸ்திரேலியா வரை போய், பிற்பாடு விதிப்புத்தகத்திலும் ஏறியது. டாக்டர் 1959-இல் காலமானார்.

என் கணக்கையே சொல்கிறேன். எனக்கு ஹேண்டிகேப் 18, அதாவது குழிக்கு ஓரடி சலுகை. நாலு அடிக் குழியில் ஐந்து எடுத்தால் இரண்டு புள்ளி, ஆறு எடுத்தால் ஒன்று. ஆறு அடித்தும் உள்ளே விழவில்லையா, இனி எத்தனை அடித்தாலும் பூஜ்யம்தான். பந்தைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். கொட்டும் மழையில், குடையின் கம்பியில் தொங்கவிட்ட துண்டும் நனைந்து, பென்சில் முனை அட்டையைக் கிழிக்கிற நேரத்தில், இந்த அனுமதி எவ்வளவு பெரிய கருணை என்று நனைந்தவனுக்குத்தான் தெரியும். பின்னால் நிற்கிற நால்வருக்கும் தெரியும். குழி ஒன்றுக்கு ஓரிரு நிமிடம் மிச்சம் என்றாலும் பதினெட்டுக்குக் கூட்டிப் பாருங்கள்.

விதி எழுதுகிறவர்களும் மெல்ல அதே பக்கம் சாய்கிறார்கள். 2019-இல் தொலைந்த பந்தைத் தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். ஓர் அடிக்கு நாற்பது நொடிக்கு மேல் எடுக்காதே என்று பரிந்துரைத்தார்கள். தயாராக இருப்பவன் முதலில் அடிக்கலாம் என்றார்கள். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், நீங்கள் எத்தனை அடித்திருந்தாலும் ஒரு குழிக்கு ஓர் எல்லைக்கு மேல் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்த எல்லை எது என்று பார்த்தால், ஸ்டேபிள்ஃபோர்டின் பூஜ்யம் தொடங்கும் அதே இடம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கொலராடோவில் 1986 முதல் 2006 வரை ஆடிய ஒரு போட்டியில் டாக்டர் பெயரிலேயே ஒரு திரித்த முறை இருந்தது: ஓரடி மிஞ்சினால் ஒரு புள்ளி கழியும், ஈரடி மிஞ்சினால் மூன்று கழியும், ஈரடி குறைவாக முடித்தால் (ஈகிள்) ஐந்து கூடும். சாகசக்காரனுக்குத் தீனி. தோற்றவனிடமிருந்து பிடுங்கும் முறைக்கு அவர் பெயர் எதற்கு என்பது என் கேள்வி.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் அடியைக் கூட்டுவதுதான் ஆண்மை, புள்ளி முறை கிழவர் கணக்கு என்று சாதிக்கிற ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் உண்டு. குளிர்காலம் முழுக்கப் புள்ளி முறைதான் என்று கிளப் முடிவு செய்த பிறகும் அவர் மாறவில்லை. ஆறு அடி முடிந்து, பூஜ்யம் உறுதியாகி, நாங்கள் மூவரும் கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நிற்கும்போது, "சும்மா ஒரு ப்ராக்டிஸுக்கு" என்று குனிந்து ஏழாவதையும் எட்டாவதையும் தட்டிக்கொண்டிருப்பார். அதற்கு இன்னும் எந்த டாக்டரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.