பெருந்தொற்றுக் காலத்தில் இதயச் செயலிழப்பு: அவசர சிகிச்சைக்கு எப்போது, எப்படிச் செல்வது?
விழுப்புரம், திண்டிவனம் பகுதி நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும்

இதயத் தசை வலுவிழந்தோ விறைத்தோ, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை வெளியேற்ற இயலாத நிலையே இதயச் செயலிழப்பு எனப்படுகிறது. பெயர் அச்சுறுத்தினாலும், இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இந்நிலையில் நுரையீரல், கால்கள், வயிறு ஆகியவற்றில் நீர் சேர்கிறது. மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் பல ஆண்டுகள் சீராக வாழ்பவருக்கும் காய்ச்சலோ நுரையீரல் தொற்றோ ஏற்பட்டால், சில நாள்களில், சில வேளைகளில் சில மணி நேரத்திலேயே, நோய் முற்றக்கூடும்.

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கின்போது, மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை இந்திய இதயவியல் சங்கத்தின் ஆய்வு காட்டியது. இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்தோரும் குறைந்தனர். நோய் குறைந்துவிடவில்லை. மருத்துவமனைக்குச் சென்றால் கொரோனா தொற்றிவிடும் என்ற அச்சமும் வாகன வசதியின்மையும் பலரை வீட்டிலேயே இருத்திவிட்டன. நமது பகுதியில் மற்றொரு இடரும் இருந்தது. திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரங்களைச் சேர்ந்த பலர் இதய சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்குச் செல்பவர்கள். அவர்கள் எல்லைக் கட்டுப்பாடுகளையும் புறநோயாளர் பிரிவுக் கட்டுப்பாடுகளையும் எதிர்கொள்ள நேர்ந்தது. வழக்கமான பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம். மூச்சுத்திணறலைத் தள்ளிவைக்க இயலாது.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால் அது அவசர நிலை. நள்ளிரவில் மூச்சுத்திணறி விழித்தல், ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, இளஞ்சிவப்பு நுரையுடன் சளி வருதல், உதடு நீலம் பாய்தல், மார்பு வலி, மயக்கம், திடீர்க் குழப்பம் ஆகியவையும் அவ்வாறே. விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் 90க்குக் கீழ் காட்டினால் காத்திருக்கக் கூடாது. 94க்குக் கீழ் இருந்தாலும் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கருவி தவறாகக் காட்டலாம். எனவே கருவியின் எண் நன்றாக இருந்தாலும், நோயாளி திணறினால் நோயாளியையே நம்புங்கள்.

மூன்று நாள்களில் 2 கிலோ எடை கூடினாலோ கால் வீக்கம் அதிகரித்தாலோ அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் மருந்தின் அளவை மாற்றினால் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையைத் தவிர்க்கலாம். அவசரமற்ற ஐயங்களுக்கு 104 உதவி எண்ணும் இ-சஞ்சீவனி தொலைமருத்துவமும் பயன்படும்.

இது கொரோனாவா, இதயமா?

இரண்டிலும் மூச்சுத்திணறலும் இருமலும் களைப்பும் உண்டு. காய்ச்சல், தொண்டை வலி, மணம் தெரியாமை இருந்தால் தொற்றாக இருக்கலாம். எடை கூடுதலும் கால் வீக்கமும் இருந்தால் இதயம் காரணமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. வீட்டில் இதைப் பிரித்தறிய முயன்று நேரத்தை இழக்க வேண்டாம்.

மருத்துவமனையில் நோயாளியைத் தலை உயர்த்தி அமர்த்தி, தேவைப்பட்டால் ஆக்சிஜன் அளித்து, இசிஜி, மார்பு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேங்கிய நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு ஊசி நரம்பு வழியாகச் செலுத்தப்படும். மூக்கு, தொண்டையில் சளி மாதிரியும் எடுக்கப்படும். அதன் முடிவு வரும் வரை தனிப் பகுதியில் வைக்கப்படலாம். ஆனால் உயிர்காக்கும் சிகிச்சை அந்த முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. இதய நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கொரோனாவுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு உடலில் நீரைத் தேக்கக்கூடும், காய்ச்சல் நோயாளிக்கு வழக்கமாக ஏற்றும் குளுக்கோஸ், சலைன் பாட்டில்களும் இவருக்குச் சுமையாகலாம்.

எங்கே செல்வது?

மூச்சுத்திணறும் ஒருவரை இருசக்கர வாகனத்தின் நடுவில் அமர்த்திக்கொண்டு புறப்பட வேண்டாம். 108 அவசர ஊர்தி கட்டணமற்றது. அதில் வழியிலேயே ஆக்சிஜன் தர இயலும். பழகிய மருத்துவமனை தொலைவில் இருந்தால் அதை நாடி நேரத்தைச் செலவிடாமல், அருகில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கே முதலில் செல்லுங்கள். திண்டிவனம் சுற்றுவட்டாரத்திற்குத் திண்டிவனம் அரசு மருத்துவமனை உள்ளது. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திண்டிவனத்திலிருந்து நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், முண்டியம்பாக்கத்தில் இயங்குகிறது. கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால் மருத்துவர்களே அனுப்பிவைப்பார்கள்.

ஒரு பையை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள். உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ அறிக்கை, எடைக் குறிப்பேடு, ஆதார், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, கைபேசி சார்ஜர் ஆகியன அதில் இருக்கட்டும். காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டு புறப்படத் தாமதிக்க வேண்டாம். உடன் ஒருவர் மட்டும் செல்லுங்கள். இயன்றவரை முதியவராகவோ சர்க்கரை நோயாளியாகவோ அவர் இல்லாதிருப்பது நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் கொரோனாவைக் கடுமையாக்கும் என்ற ஐயம் 2020 தொடக்கத்தில் எழுந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. இவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலோ உணவு இறங்காவிட்டாலோ நீர் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை அன்று எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதுமானது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வலி மாத்திரைகள் நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

நீர் அருந்த அளவு விதிக்கப்பட்டிருந்தால் கபசுரக் குடிநீர், கஞ்சி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தவிருங்கள். வாய் கசக்கிறது என்று காய்ச்சல் நாள்களில் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதே பல வீடுகளில் வீக்கத்திற்குக் காரணமாகிறது. இந்துப்பிலும் சோடியம் உண்டு. சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் மிகுதி. ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். அடுத்துவரும் நாள்களின் எடையை அதனுடன் ஒப்பிட வேண்டும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்குள் மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள். கொரோனா, இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகள் குறித்து அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.