பாதுகாப்பு: ஒரு சொல்லும் மூன்று பொருளும்
(காஞ்சன்பாக் தொழிற்பகுதியை முன்வைத்து)

1. முன்னுரை

ஐதராபாத்தின் தென்கிழக்கே அமைந்த காஞ்சன்பாக், பாரத் டைனமிக்ஸ் (1970), மிஸ்ர தாது நிகம் (1973) ஆகிய பொதுத்துறை நிறுவனங்களும் படைத்துறை ஆராய்ச்சிக் கூடங்களும் நிறைந்த பகுதியாகும். நாட்டைக் காக்கும் டிஃபென்ஸ், வாயிலையும் உடைமையையும் காக்கும் செக்யூரிட்டி, தொழிலாளரின் உயிரையும் உடலையும் காக்கும் சேஃப்டி ஆகிய மூன்றும் இங்கு ஒரே மதிலுக்குள் இயங்குகின்றன. தமிழ் இம்மூன்றையும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. இந்தி, முதலாவதை ரக்ஷா எனப் பிரித்தாலும், ஏனைய இரண்டையும் சுரக்ஷா என்பதில் அடக்குகிறது. தெலுங்கிலும் ரக்ஷண, பத்ரத என்னும் சொற்கள் பெரும்பாலும் இவ்வாறே வழங்குகின்றன. இப்பொருள் மயக்கம் கட்டடப் பராமரிப்பில் எங்கு இடர் விளைவிக்கக்கூடும் என்பதையும், தொழிலாளர் சட்டம் மொழியை எவ்வாறு கையாண்டு வந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பூட்டும் திறப்பும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1-4-1949 முதல் நடைமுறைக்கு வந்தது. அறையினுள் ஆள் இருக்கும்போது, வெளியேறும் கதவை உள்ளிருந்து எளிதில், உடனே திறக்க இயலாதவாறு பூட்டலாகாது என்று அதன் 38ஆம் பிரிவு விதித்தது. இவ்விதியின் பின்னணியில் நெடிய துயர வரலாறு உண்டு. 25-3-1911 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டனர். களவைத் தடுக்கும் பொருட்டுப் பூட்டப்பட்டிருந்த கதவு அவர்களுள் பலரின் வழியை அடைத்தது.

காவல் நோக்கில் பூட்டிய கதவு பாதுகாப்பு. உயிர் நோக்கில் திறக்கும் கதவே பாதுகாப்பு. எனவே 'பாதுகாப்புக் கதவு' என்னும் தொடர், ஒரே கதவின்மீது ஒன்றற்கொன்று முரணான இரு கட்டளைகளைச் சுமத்துகிறது.

3. அறிவிப்பின் மொழி

தீக்காலத்தில் வெளியேறும் வழிகளைத் தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியில், சிவப்பு எழுத்துகளில், அல்லது தெளிவாக விளங்கும் வேறு குறியால் சுட்ட வேண்டும் என்றும் அதே பிரிவு கூறியது. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மையோர் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 108ஆம் பிரிவு விதித்திருந்தது. 1984ஆம் ஆண்டுப் போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது 38ஆம் பிரிவிலிருந்து சிவப்பு எழுத்து நீங்கியது. வெளியேறும் வழியைத் தொழிலாளர் அனைவரும் அறிந்திருப்பதும், பயிற்சி பெற்றிருப்பதும் அவ்விடத்தைப் பெற்றன. எழுதி வைத்தாரா என்னும் வினா, அறிந்தாரா என்னும் வினாவாக மாறியது எனலாம்.

மத்திய அரசு நிறுவனங்களில் மற்றொரு விதியும் உண்டு. 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள், பெயர்ப்பலகைகளும் அறிவிப்புப் பலகைகளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும் என்கின்றன. (இவ்விதிகள் தமிழ்நாட்டிற்குப் பொருந்தா.) ஆகவே காஞ்சன்பாக் போன்ற இடத்தில் ஒரே சுவரை இரு சட்டங்கள் ஆண்டுவந்தன: ஒன்று அரசின் மொழியைக் கேட்டது, மற்றொன்று படிப்பவரின் மொழியைக் கேட்டது. தெலுங்கும் உருதுவும் வழங்கும் நகரில் 'பெரும்பான்மையோர் மொழி' எது என்பதை அறிய, தொழிலாளர் பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும். துப்புரவு, காவல், பழுதுபார்ப்பு ஆகியவற்றை ஒப்பந்த முறையில் செய்வோர் மாறுந்தோறும் அப்பெரும்பான்மையும் மாறலாம். 23-3-2022 அன்று சிகந்தராபாத் போயிகூடாவில், பழம்பொருள் கிடங்கின் மேல்தளத்தில் உறங்கிய பீகார்த் தொழிலாளர் 11 பேர் தீவிபத்தில் இறந்தனர். தெலுங்கையோ உருதுவையோ மட்டும் கொண்டு இந்நகரின் உழைப்பாளரைக் கணக்கிட இயலாது என்பதற்கு இந்நிகழ்வும் சான்று.

4. மொழிபெயர்ப்பாளர் பணி

தமிழில் மயக்கம் நிறுவனப் பெயர்களிலேயே தொடங்குகிறது. 1969இல் அமைந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை உடைமைக்குக் காவல் புரிவது. தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தொழிலாளர் உயிர் குறித்தது. பெயரளவில் இரண்டையும் வேறுபடுத்தும் சொல் இல்லை. செக்யூரிட்டிக்குக் காவல் என்பதை ஒதுக்கிவிட்டு, பாதுகாப்பு என்பதைச் சேஃப்டிக்கு மட்டும் வழங்குதல் ஒரு வழி. ஆயினும் ஊன்றிவிட்ட பெயர்கள் எளிதில் மாறா. ஆதலின் அறிவிப்புப் பலகையில் பெயர்ச்சொல்லைத் தவிர்த்து வினையால் எழுதுதல் நன்று. 'பாதுகாப்புக் கதவு' என்பதினும் 'இக்கதவைப் பூட்டாதீர்' என்பது ஐயத்திற்கு இடந்தராது.

2020ஆம் ஆண்டுப் பணிசார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 21-11-2025 முதல் நடைமுறைக்கு வந்து, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. தொழிலகச் சுவர்களில் உள்ள பழைய சுருக்கங்களும் அறிவிப்புகளும் இனிப் புதியனவாக எழுதப்பட வேண்டியவை. அவ்வேளையில் ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பது, ஒரு கதவு திறந்திருக்குமா பூட்டியிருக்குமா என்பதை வரையறுப்பதாகும்.