தனிமை தந்தவர் யார்?

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சலினாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓர் ஊர் இருக்கிறது. சோலடாட் என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழிச் சொல் அது. தனிமை என்பது அதன் பொருள். அந்த ஊரையடுத்த பண்ணைக்கு வேலை தேடி இருவர் நடந்து வருகின்றனர். ஜார்ஜ் ஒருவன்; சிறிய உருவம், கூரிய அறிவு. லென்னி மற்றவன், மலை போன்ற உடல், மழலையின் உள்ளம். உறவினர் அல்லர், எனினும் ஒருவனை விட்டு ஒருவன் பிரிவதில்லை. தனிமை என்று பெயர் பூண்ட ஊருக்குத் தோழமையைத் துணைகொண்டு வருகின்றனர்!

ஜான் ஸ்டைன்பெக் 1937-இல் வெளியிட்ட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்னும் நூல் இவ்வாறு தொடங்குகிறது. எலிகளும் மனிதர்களும் என்று நாம் அதனைத் தமிழில் கூறலாம். அதே சலினாசில் 1902-இல் பிறந்தவர் அவர். இளமையில், சர்க்கரை ஆலைக்குச் சொந்தமான பண்ணைகளில் கூலிகளோடு கூலியாக வேலை செய்தவர். 1962-இல் நோபல் பரிசு பெற்றவர். மாளிகை மாடத்திலிருந்து ஏழையின் குடிசையை எட்டிப் பார்த்தவரல்லர். வைக்கோலும் வியர்வையும் மணக்கும் கொட்டகையில் படுத்தெழுந்தவர்.

ஜார்ஜும் லென்னியும் ஒரு கனவு வைத்திருக்கின்றனர். சிறிது நிலம், சிறு வீடு, வளர்க்க முயல்கள், "எழுந்து போ" என்று எவனும் விரட்ட முடியாத ஒரு கூரை. இவ்வளவுதான்! அரசாளும் ஆசையா இது? அல்ல. உழைப்பவன் தான் விதைத்ததைத் தானே அறுக்க விரும்பும் நியாயமான ஆசை. ஆனால் இருவரும் ஒன்றாக ஊர் ஊராகச் செல்வதைக் கண்ட பண்ணை முதலாளி என்ன செய்கிறான்? ஐயுறுகிறான்! மற்றவனுடைய கூலியைச் சுருட்டத்தான் ஜார்ஜ் உடன் வந்திருக்கிறானோ என்று கேட்கிறான். கொள்ளையைப் புரிந்துகொள்ளும் கண்ணுக்குத் தோழமை புரியவில்லை.

அந்தப் பண்ணையிலே தனித்தவர் பலர். கேண்டி என்னும் கிழவன், வேலையில் ஒரு கையை இழந்தவன். அவனுடைய முதிய நாயை, இனிப் பயனில்லை என்று கூறிச் சுட்டுவிடுகின்றனர். அடுத்து நம் முறை என்பது அவனுக்குத் தெரிகிறது. க்ரூக்ஸ் என்பவன் கருப்பன். குதிரைச் சேணங்கள் தொங்கும் அறையில் அவனை ஒதுக்கி வைத்துள்ளனர். பிறருடைய கொட்டகைக்குச் சென்று சீட்டாடவும் அவனுக்கு உரிமையில்லை. அவனிடம் 1905-ஆம் ஆண்டின் கலிபோர்னியாச் சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் புத்தகம் கைக்குக் கிடைத்தது. சட்டத்தின் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. முதலாளி மகனின் மனைவிக்கோ, கதை முழுதும் ஒரு பெயர்கூட இல்லை. இன்னாரின் மனைவி என்பதே அவளுக்குரிய அடையாளம்.

கனவு இவர்களை இழுக்கிறது. நிலத்தின் விலை 600 டாலர். கையிழந்ததற்கு ஈடாகப் பெற்ற 250 டாலரும், சேமிப்பு 50-ம், மாதக் கடைசியில் வரும் 50-மாக 350 டாலரைத் தருகிறேன் என்கிறான் கேண்டி. கூலியே வேண்டாம், உணவு போதும், நானும் வருகிறேன் என்கிறான் க்ரூக்ஸ். பாதி விலைக்கு மேல் கையில்! எட்டாக் கனி எட்டும் கனியாகிறது.

அந்த வேளையில் முதலாளி மகனின் மனைவி அங்கு வருகிறாள். நான் ஒரு சொல் சொன்னால் உன்னை மரத்தில் தொங்கவிடுவார்கள் என்று க்ரூக்சை மிரட்டுகிறாள். அடிமைப்பட்ட பெண், தன்னிலும் அடிமைப்பட்டவனை மிதிக்கிறாள்! நான் வரவில்லை என்று க்ரூக்ஸ் பின்வாங்குகிறான். மறுநாள் லென்னியின் முரட்டுக் கையில், அவன் அறியாமலே, அவள் உயிர் போகிறது. வெறிகொண்ட கூட்டம் துரத்துகிறது; அதன் கையில் சிக்கவிடாமல், ஜார்ஜே தன் நண்பனைச் சுட்டுக் கொல்கிறான்.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் தலைவிதி என்று பெருமூச்செறிவோர் உண்டு. நாம் கேட்கிறோம்: விதியின் வேலையா இது? கேண்டியின் 350 டாலர் கரைந்துவிடவில்லை. அப்படியிருந்தும், நாமிருவரும் போகலாமா என்று கேண்டி கேட்டபோது ஜார்ஜால் சரியென்று சொல்ல முடியவில்லை. பணம் இருந்தது, தோழமை போயிற்று. அதற்கு முன்பே, சேண அறையில், நிறவெறியின் ஒரு மிரட்டலால் அது பாதி முறிந்திருந்தது. அந்த மிரட்டலுக்குப் பின்னே நின்றது தெய்வமல்ல, சமுதாயம்.

வரலாற்றைப் புரட்டுவோம். கலிபோர்னியாவின் பெரும் பண்ணைகளுக்கு அறுவடைக் காலத்தில் ஆயிரமாயிரம் கைகள் வேண்டும். அறுவடை முடிந்ததும் அந்தக் கைகளுக்குரிய வயிறுகள் வேண்டா. எனவே சீனர் வந்தனர், ஜப்பானியர் வந்தனர், மெக்சிகர் வந்தனர், பிலிப்பைனர் வந்தனர். 1930-களில் புழுதிப் புயலும் கடனும் விரட்டிய வெள்ளை உழவரும் வந்தனர். ஓர் இனத்தார் கூலி உயர்வு கேட்டால், மற்றோர் இனத்தாரைக் கொண்டு அவர்களை முறியடிப்பது பண்ணையாரின் தந்திரம்.

சட்டமும் துணை நின்றது. சீனப் பெண்களின் வருகையை 1875-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய அடைத்தது. சீனத் தொழிலாளரின் வருகையை 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட ஆசியர், கலிபோர்னியாவில் விளைநிலம் வாங்கக் கூடாது என்றது 1913-ஆம் ஆண்டுச் சட்டம். பிலிப்பைனர் வெள்ளைப் பெண்ணை மணக்கக் கூடாது என்றது 1933-ஆம் ஆண்டுச் சட்டம். சங்கம் அமைக்கும் உரிமையைத் தொழிலாளர்க்கு உறுதி செய்த 1935-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டமோ, பண்ணைத் தொழிலாளரை வெளியே நிறுத்தியது. நிலம் கூடாது, மனைவி கூடாது, சங்கம் கூடாது! தனிமை வானத்திலிருந்து விழுந்ததா, தோழர்களே? சட்டமன்றத்தில் வார்க்கப்பட்டது அது.

ஒதுக்கப்பட்ட அறையின் கொடுமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட நம் மக்களின் நிலையும் அமெரிக்கக் கருப்பரின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டி, அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கருப்பரின் பேரறிஞர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதினார். சேரியும் சேண அறையும் உறவுடையவை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஸ்டைன்பெக்கின் மற்றொரு நூலான 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' 1939-இல் வெளிவந்தபோது, கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டம் தன் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அதனைத் தடை செய்தது. ஏட்டைத் தடுக்கலாம், எண்ணத்தைத் தடுக்க இயலுமா? அதே மாவட்டத்து டெலானோ ஊரில், 1965 செப்டம்பர் 8-ஆம் நாள், திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைனத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மணிக்கு 1.40 டாலர் கேட்டனர். பலர் மணமாகாமலே முதுமை எய்தியவர். அவர்தம் தலைவர் லாரி இட்லியாங், விபத்தில் மூன்று விரல்களை இழந்தவர்; ஏழு விரல் என்றே அவரைத் தோழர்கள் அழைத்தனர். கையிழந்த கேண்டி கதையில் கெஞ்சினான். விரலிழந்த இட்லியாங் களத்தில் நிமிர்ந்தார்.

இம்முறை பண்ணையாரின் பழைய தந்திரம் பலிக்கவில்லை. சீசர் சாவேசும் டொலோரஸ் ஹுயர்ட்டாவும் 1962-இல் தொடங்கிய சங்கத்தின் மெக்சிகத் தொழிலாளர், எட்டு நாட்களில் வேலைநிறுத்தத்தில் இணைந்தனர். பிலிப்பைனர் மண்டபத்தின் பொதுச் சமையற்கூடத்தில் இரு இனத்தாரும் சேர்ந்து உண்டனர். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1970-இல் டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். சங்க உரிமையைக் கலிபோர்னியாவின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது.

வேலைநிறுத்தத்தின்போது 1967-இல் உயிர் நீத்த தொழிலாளி பாலோ அக்பயானியின் பெயரால், 1974-இல் டெலானோவில் ஓர் இல்லம் எழுந்தது. குடும்பமின்றி ஓய்ந்த முதிய பிலிப்பைனத் தொழிலாளருக்காகத் தொண்டர்கள் பலர் கூடிக் கட்டிய இல்லம். எழுந்து போ என்று எவனும் விரட்ட முடியாத கூரை! கேண்டி கண்ட கனவை, 37 ஆண்டுகளுக்குப் பின் சங்கம் கட்டி முடித்தது.

வெற்றியில் மயங்கி உண்மையை மறைப்பது நம் வழக்கமல்ல. பிலிப்பைனரின் குரலுக்குச் சங்கத்தில் உரிய மதிப்பில்லை என்று மனம் நொந்து, 1971-இல் இட்லியாங் விலகினார். சங்கத்துக்குள்ளும் ஒருவனுக்குத் தனியறை அமைந்துவிடக் கூடும். அதனைக் கண்காணிப்பது நம் கடமை.

ஸ்டைன்பெக் காட்டியது இருவர் தோழமை. அது ஒரு குண்டில் முடிந்தது. டெலானோ காட்டியது ஆயிரவர் தோழமை. அது ஒப்பந்தமாயிற்று, சட்டமாயிற்று, கூரையாயிற்று. எனவே, இரவலாகவேனும் அந்தச் சிறு நூலைப் பெற்றுப் படியுங்கள். இறுதி ஏட்டில் கண்ணீர் வரும், வரட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம் ஊரில், நம் மன்றத்தில், நம் பந்தியில் எவருக்கேனும் சேண அறை ஒதுக்கியிருக்கிறோமா என்று பாருங்கள். இருந்தால், அதன் கதவைத் திறப்பதே முதல் வேலை.