தடையுண்ட காவியம்

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் விளங்கியவர் முத்துப்பழனி. கணிகையர் குலத்துப் பிறந்த அவர் இயற்றிய தெலுங்குச் சிருங்காரக் காவியம் 'ராதிகா சாந்த்வனம்'. அந்நாளில் அதற்கு இழுக்கு எதுவும் நேரவில்லை. பின்னாளில் கந்துகூரி வீரேசலிங்கம், பெண் எழுதத்தகாத காமம் ஈதென்று கடிந்துரைத்தார்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் நூலை முழுமையாகப் பதிப்பித்தார். ஆடவர் இயற்றிய காவியங்களில் இச்சுவை இல்லையோ என வினவினார். விடையாகக் கிடைத்தது ஆங்கில அரசின் தடையே. ஆபாச நூல்களைத் தண்டிக்க 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 292-ஆம் பிரிவு ஆயத்தமாக இருந்தது. பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சரான பின்னரே தடை நீங்கியது.

காவியத்தின் சொற்கள் மாறவில்லை. அவற்றை அளந்த கோலே மாறிற்று. ஆடவர் பாடின் இலக்கியம், பெண் பாடின் குற்றம் என்ற அக்கோல் இன்றும் நம் கையில் உள்ளதா என நாம் நம்மையே வினவுதல் தகும்.