அவிழ்க்கத் தெரிந்தவருக்கே வீழ்ச்சி: ஏரியல் சில்க்ஸ் பயிற்சியில் பாதுகாப்பின் அளவுகோல்

உயரத்திலிருந்து தொங்கும் துணியில் ஏறி ஆடும் கலை ஏரியல் சில்க்ஸ். பெயரில் பட்டு இருந்தாலும், பயன்படும் துணி பெரும்பாலும் நெகிழ்வுடைய நைலான் பின்னல். 1996இல் மான்ட்ரியலில் அரங்கேறிய சர்க் டு சொலேயின் 'கிடாம்' நிகழ்ச்சியில் இசபெல் ஷாசே சிவப்புத் துணியில் நிகழ்த்திய ஆட்டம் இக்கலையின் பெயர்பெற்ற மேடையேற்றங்களுள் ஒன்று. இன்று பொழுதுபோக்காகப் பயில்வோரும் 'டிராப்' எனப்படும் கடினமான வீழ்ச்சிகளைக் கற்க விரும்புகின்றனர். ஒருவரை அதற்கு எப்போது அனுமதிக்கலாம்? கீழே மெத்தை இருக்கிறதா, மாணவருக்குத் துணிவு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இவ்விரண்டும் போதாது. உடலில் போட்ட துணிச்சுற்றை உயரத்திலேயே அவிழ்த்து, ஏறிய வழியே இறங்கிவரும் திறனே முதன்மையான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

'டபுள் ஸ்டார்' வீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 'ஹிப் கீ' எனப்படும் இடுப்புப் பூட்டிலிருந்து தொடங்கி, துணியை உடலில் மேலும் சுற்றிக்கொண்டு கைகளை விடுகிறார் கலைஞர். கால்கள் அகன்றிருக்க, உடல் சக்கரம்போல் இருமுறை உருண்டு இறங்கிப் பூட்டில் நிற்கிறது. கையை விட்டபின் திருத்த நேரமில்லை. ஒரு சுற்று திசை மாறியிருந்தால் அது தெரியவரும் கணத்தில் உடல் விழுந்துகொண்டிருக்கும். ஆகவே இவ்வீழ்ச்சியின் பாதுகாப்பு முழுவதும் கையை விடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

பூட்டு சரியாக இருந்தாலும் விசை இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் 1.5 மீட்டர் தடையின்றி விழுந்து அரை மீட்டரில் நிறுத்தப்பட்டால், அந்த நிறுத்தத்தில் துணி தாங்கும் சராசரி விசை அவர் எடையைப்போல் நான்கு மடங்கு. கால் மீட்டரில் நின்றால் ஏழு மடங்கு, அதாவது 420 கிலோ எடைக்குச் சமம். உச்ச விசை இதனினும் கூடும். துணியைத் தொங்கவிடப் பயன்படும் காரபினர் எனும் கொக்கிகள் பலவற்றின் வலிமை 22 கிலோநியூட்டனுக்கு மேல். அவ்வளவு வலிமை இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் இல்லை. நெகிழ்வு குறைந்த துணியும், சுற்றில் விட்ட தளர்வும் உடல் வாங்கும் அடியைக் கூட்டுகின்றன.

'முதலில் தாழ்வாகப் பழகு' என்ற அறிவுரையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுற்றுப் போடப் பழகுவதற்குத் தாழ்வு நல்லது. விழுவதற்கு அதுவே ஆபத்து. ஒவ்வொரு வீழ்ச்சியும் குறிப்பிட்ட நீளத் துணியை உண்கிறது. அந்த நீளத்துக்கு மேல் உயரமில்லாவிட்டால், பூட்டு பிடிக்குமுன் தலை தரையைத் தொடும். 30 செ.மீ. மெத்தை விரித்திருப்பது நல்லதே, ஆனால் தலைகீழாக வரும் கழுத்தை அது காக்கும் என்று நம்ப முடியாது.

மேடையில் யாரும் பாதியில் அவிழ்ப்பதில்லையே, அதைப் பழகி வலிமையை ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்கப்படுவதுண்டு. அவிழ்க்க வேண்டுமானால் உடலைத் தூக்கிப் பூட்டின்மீதுள்ள பாரத்தைக் குறைத்தாக வேண்டும். அது களைப்பூட்டும் வேலை என்பது உண்மை. அந்த உண்மைதான் என் வாதத்துக்கு அடிப்படை. கை சோர்ந்து அவிழ்க்க முடியாதவருக்கு இறங்க ஒரே வழி விழுவது. சுற்று தவறென்று ஐயம் வந்தாலும் அவர் விழுந்தாக வேண்டும். அந்த நிலைக்கு மாணவரைத் தள்ளும் பயிற்சியை, மெத்தை எத்தனை தடித்ததாக இருந்தாலும், பாதுகாப்பான பயிற்சி என்று ஏற்க இயலாது.

பயிற்றுநர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பின் முடிவில், கைகள் களைத்திருக்கும் நேரத்தில், மாணவரைச் சுற்றுப் போடச் சொல்லுங்கள். துணி எந்தக் காலின் முன்னே, எந்தப் பக்கமாகப் போகிறது என்று அவரே வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு முழுதும் அவிழ்த்து இறங்கட்டும். இதை உதவியின்றி, வெவ்வேறு நாட்களில், தடுமாறாமல் செய்தவருக்கு மட்டும் கையை விட அனுமதி கொடுங்கள்.