எல்லிங்டனின் ரயில் பெட்டிகள்

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு, தனிப் பெட்டி அமர்த்திச் செல்வோர் என்றால் பெரும் அதிகாரிகளும் செல்வந்தர்களுமே நினைவுக்கு வருவர். தங்குவதற்கு இடம் மறுக்கப்பட்டமையால் தனிப் பெட்டியில் சென்ற ஒரு வாத்தியக் கோஷ்டியின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். அதன் தலைவர், அமெரிக்க இசை மேதை டியூக் எல்லிங்டன்.

1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் வாஷிங்டன் நகரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 'டியூக்', அதாவது பிரபு என்பது, அவருடைய மிடுக்கைக் கண்டு இளமைத் தோழர் சூட்டிய பெயர். 1927ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கிலுள்ள காட்டன் கிளப்பில் அவர் கோஷ்டி வாசிக்கத் தொடங்கியது. அங்கே மேடையில் இருந்தோர் கறுப்பர். கேட்க அனுமதி பெற்றோரோ வெள்ளையர்! எனினும் வானொலி அவ்விசையை நாடெங்கும் பரப்பியது.

1930களில் தென் மாநிலங்களுக்குச் சென்றபோது, கைதட்டிய ஊர்களிலேயே அவர்களுக்கு விடுதிக் கதவுகள் அடைபட்டன. எல்லிங்டன் யாரிடமும் கெஞ்சினாரல்லர். புல்மன் உறங்கும் பெட்டிகளை வாடகைக்கு அமர்த்தினார். உண்பதும் உறங்குவதும் அவற்றிலேயே நிகழ்ந்தன. ரயிலின் ஓசையையே இசையாக்கி, 'டேபிரேக் எக்ஸ்பிரஸ்' என்னும் உருப்படியை 1933இல் பதிவு செய்தார். 1941இல் பதிவாகிக் கோஷ்டியின் முத்திரையாகிய 'டேக் தி ஏ டிரெயின்' அவர் இயற்றியதன்று. அவருடைய துணைவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் இயற்றியது. பிறர் படைப்பைத் தம் கோஷ்டியின் அடையாளமாக ஏற்ற பெருந்தன்மையை என்னென்பது!

வாத்தியத்துக்காக மட்டுமன்றி, வாசிப்பவரின் தனிக் குரலுக்கேற்பவும் அவர் இசை அமைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெரிய கோஷ்டிகள் பல கலைந்தன. அவரோ, தம் பாடல்களின் வருவாயைக் கொண்டு சம்பளம் கொடுத்துத் தம் கோஷ்டியைக் காத்தார். 1927இல் சேர்ந்த ஹாரி கார்னி, 1974இல் தலைவர் மறையும்வரை உடனிருந்தார்.

1963இல் அக்கோஷ்டி நம் நாட்டுக்கும் வந்து டில்லி, சென்னை முதலிய நகரங்களில் வாசித்தது. 1965இல் நடுவர்கள் பரிந்துரைத்தும் புலிட்சர் சிறப்பு விருது அவருக்கு மறுக்கப்பட்டது; 1999இல், அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழிந்தபின், அச்சிறப்பு வந்தது. 1969இல், எழுபதாம் பிறந்த நாளன்று, வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் கையால் சுதந்திரப் பதக்கம் பெற்றார். அதே மாளிகையில் அவருடைய தந்தையார் ஒரு காலத்தில் விருந்துகளுக்குப் பணிவிடை செய்தவர்!

ஊர்விட்டு ஊர் வந்து, இக்காலனியில் ஒரு சங்கமாய்க் கூடி வாழும் நமக்கு அவர் வாழ்வு கூறுவது ஒன்றுண்டு. இடமில்லை என்பாரிடம் தலை குனியவேண்டா; உடன் வந்தோர் ஒவ்வொருவர் குரலுக்கும் நம்மிடையே இடம் தருவோமாக.