நிரோட்டகம்

நிரோட்டகம் அல்லது இதழகல் என்பது, உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் குவியாமலும் ஒலிக்கக்கூடிய எழுத்துகளை மட்டுமே கொண்டு பாடப்படும் செய்யுள் ஆகும். இது சித்திரகவி வகைகளுள் ஒன்று. சித்திரகவியை மிறைக்கவி என்றும் கூறுவர். வடமொழியில் 'நிர்' என்பது இன்மையையும் 'ஓஷ்டம்' என்பது உதட்டையும் குறிக்கும். இவை சேர்ந்த நிரோஷ்டம் என்னும் சொல்லே தமிழில் நிரோட்டம், நிரோட்டகம் என வழங்குகிறது. இதழகல் என்ற தமிழ்ப் பெயர் தான் குறிக்கும் விதிக்குத் தானே உட்பட்டு நிற்கிறது. நிரோட்டகம் என்ற பெயரோ ரோ, ம் ஆகிய இரு இடங்களில் அவ்விதியை மீறுகிறது.

இதற்கு மறுதலையாக இதழ் எழுத்துகளே வரும்படி பாடுவது ஓட்டியம் எனப்படும். இரண்டும் கலந்து வருவது ஓட்டிய நிரோட்டம் ஆகும். ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர் 16 ஆம் நூற்றாண்டில் இயற்றிய மாறனலங்காரம் இவ்வகைகளை எடுத்துரைக்கிறது.

விலக்கப்படும் எழுத்துகள்

தொல்காப்பியம் பிறப்பியலின்படி உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய 5 உயிர்களும் இதழ் குவிந்து பிறக்கின்றன. ப, ம இரண்டும் இதழோடு இதழ் பொருந்தவும், வ மேற்பல்லும் கீழிதழும் பொருந்தவும் பிறக்கின்றன. எனவே 5 உயிர்களும் 3 மெய்களும் அவற்றின் வழிவரும் உயிர்மெய்களும் விலக்கப்படுகின்றன.

எஞ்சும் எழுத்துகளைக் கணக்கிடலாம். 7 உயிர்கள், 15 மெய்கள், இவற்றின் பெருக்கமாகிய 105 உயிர்மெய்கள், ஆய்தம் 1 என மொத்தம் 128. தமிழின் 247 எழுத்துகளில் 119 எழுத்துகள் நீங்கிவிடுகின்றன.

சொற்களில் ஏற்படும் விளைவு

பாதிக்கு மேற்பட்ட எழுத்துகள் கைவசம் இருந்தும் நிரோட்டகம் பாடுவது கடினம். நீக்கப்படும் எழுத்துகள் தமிழ்ச் சொற்களின் ஈற்றில் மிகுதியாக வருவனவாக இருப்பதே இதற்குக் காரணம். ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்ணுப்பெயர்கள் அனைத்தும் உகரத்தில் முடிவதால் அவற்றுள் எதனையும் அப்படியே பயன்படுத்த இயலாது. மகர மெய்யில் முடியும் மரம், காலம், நிலம் போன்ற பெயர்களும் விலகும். 'கு' உருபு இல்லாததால் நான்காம் வேற்றுமையையும், 'உம்' இல்லாததால் எண்ணும்மையையும் இழக்க நேரிடும். அவன், அவள், அவர், அது ஆகிய நான்கும் இல்லை. தமிழ் என்ற சொல்லே இல்லை.

இவ்விடர்ப்பாட்டைப் புலவர்கள் வேற்றுமை உருபாலும் புணர்ச்சியாலும் ஒருவாறு கடக்கின்றனர். நாடு என்பது வராது. நாட்டில் என்பது வரும். காலம் வராது, காலத்தால், காலங்கள் என்பன வரும். கலைக்களஞ்சியம் என்ற ஒருமை விலக்கப்பட்டது. கலைக்களஞ்சியங்கள் என்ற 11 எழுத்துப் பன்மை முழுமையான நிரோட்டகச் சொல். தற்காலச் சொற்களில் திரைக்கதையாசிரியர்கள் (12 எழுத்துகள்) என்பதும் அத்தகையதே.

மற்றொரு வழி, வழக்குச் சொல்லை விடுத்து அதன் பொருளுடைய வேறொரு சொல்லை நாடுவது. நிரோட்டகச் செய்யுள்கள் அருஞ்சொற்கள் நிறைந்து காணப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். சில எடுத்துக்காட்டுகள்:

அயில் – வேல்
சிகி – மயில்
எயில் – மதில்
கழனி – வயல்
தினகரன் – கதிரவன்
திங்கள் – மதி
அன்னார் – அவர்

வலப்புறம் உள்ளவை அனைத்தும் விலக்கப்பட்ட சொற்கள்.

சங்கரன்கோவில்: ஓர் எடுத்துக்காட்டு

ஊர்ப்பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் இவ்வாறு பகுத்துப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சியாகும். 2019 இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்ளலாம். அவ்வூர்ப் பெயரில் 'கோ' இதழ் குவியும், 'வி' இதழ் பொருந்தும். சங்கரன்கோயில் என எழுதினால் இதழ் எங்கும் பொருந்துவதில்லை. 'கோ' ஒன்றில் மட்டும் குவியும். ஆனால் அங்கு சிவனும் திருமாலும் ஓருருவாக எழுந்தருளியுள்ள சங்கரநாராயணர் என்ற 9 எழுத்துப் பெயர் குற்றமற்ற நிரோட்டகம். சங்கரநயினார், சங்கரலிங்கர் ஆகியனவும் அவ்வாறே. சிவன், திருமால் என்ற பெயர்கள் இரண்டும் விலகும். அரி, அரன், இரண்டும் இணைந்த அரியரன் ஆகியவை பொருந்தும். கோமதி அம்மனையோ அவ்வம்மனுக்குரிய ஆடித்தபசு விழாவையோ பெயர் சொல்லிப் பாட இயலாது. அன்னை, தாய் என்றே குறிப்பிட வேண்டும். மாவட்டத் தலைநகரான தென்காசியின் பெயரில் தடை ஏதும் இல்லை.

திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி

இவ்வகையில் பெரிதும் அறியப்பட்ட நூல், 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் இயற்றிய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி ஆகும். சுவாமிகள் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் வெள்ளியம்பலத் தம்பிரானிடம் இலக்கணம் கற்றார். தம்பிரானை இகழ்ந்து வந்த திருச்செந்தூர்ப் புலவர் ஒருவருடன் போட்டியிட்டு, முந்திப் பாடி முடித்து, அவரை ஆசிரியரிடம் அழைத்து வந்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி.

இந்நூல் 30 செய்யுள்களைக் கொண்டது. ஒவ்வொரு செய்யுளிலும் மூன்று கட்டுப்பாடுகள் ஒருங்கே அமைந்துள்ளன: இதழ் எழுத்து வரக்கூடாது, அடிதோறும் ஒரே எழுத்துத் தொடர் வெவ்வேறு பொருளில் மடங்கி வரவேண்டும் (யமகம்), ஒரு செய்யுளின் இறுதி அடுத்ததன் தொடக்கமாக வேண்டும் (அந்தாதி).

முருகனைப் பாடும் நூலில் முருகன், குமரன், வேலன், வேல், மயில், வள்ளி ஆகிய எந்தச் சொல்லுக்கும் இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. கந்தன், சேய் போன்ற பெயர்களே எஞ்சுகின்றன. திருச்செந்தூர் என்ற பெயர் விலகினும் அதன் மற்றொரு பெயரான செந்தில் பொருந்துகிறது. ஆறுபடை வீடுகளின் வழக்கமான பெயர்களை ஆராய்ந்தால், செந்தில், தணிகை ஆகிய இரண்டு மட்டுமே இச்சோதனையில் தேறும். பழனி, ஏரகம், பரங்குன்றம், சோலைமலை என எதுவும் தேறாது.

திருக்குறளும் நிரோட்டகமும்

துறவு அதிகாரத்தின் முதற்குறளை (341) நிரோட்டகத்திற்குச் சான்றாகக் காட்டுவது பரவலான வழக்கம். அக்குறளில் ப, ம, வ ஆகியவை இல்லை, உகரமும் இல்லை. ஆயினும் முதலடியின் இறுதிச் சீர் ஓகாரம் ஏறிய நகரத்தில் தொடங்குகிறது. ஆகவே உதடு ஒட்டாத குறள் என்று கூறுவது சரி. இலக்கணப்படி முழு நிரோட்டகம் என்பது பொருந்தாது. பற்றை விடச் சொல்லும் இக்குறளில் உதடு ஒட்டுவதில்லை என்றும், இறைவனைப் பற்றச் சொல்லும் அதே அதிகாரத்தின் இறுதிக்குறளில் (350) உதடு மீண்டும் மீண்டும் ஒட்டுகிறது என்றும் நயம் கூறுவர். கேட்பதற்கு இனிய விளக்கம். வள்ளுவர் இதைக் கருதியே பாடினார் எனக் கொள்ள நூலில் சான்று இல்லை.

பிற மொழிகளிலும் பிற வகைகளிலும்

காஞ்சியோடு தொடர்புடைய வடமொழிப் புலவர் தண்டியின் தசகுமாரசரிதத்தில் ஏழாம் பகுதி முழுவதும் இதழொலி இன்றி அமைந்துள்ளது. கதை கூறும் மந்திரகுப்தனின் உதடு காதலியின் பற்பட்டுப் புண்பட்டிருந்ததே அதற்குக் காரணமாகக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939 இல் வெளியிட்ட 'கேட்ஸ்பி' என்னும் 50,000 சொற்களுக்கு மேற்பட்ட புதினமும், பிரெஞ்சில் ஜார்ஜ் பெரெக் 1969 இல் வெளியிட்ட புதினமும் 'இ' என்ற ஐந்தாம் எழுத்து இன்றி எழுதப்பட்டவை. அவை தாளில் உள்ள எழுத்தை விலக்குபவை. நிரோட்டகம் வாயில் பிறக்கும் ஒலியை விலக்குவது.

தமிழில் ஒரே மெய்யின் வருக்கத்தால் பாடும் வழக்கமும் உண்டு. காளமேகப் புலவரின் ககர, தகரப் பாடல்களும், அருணகிரிநாதரின் கந்தரந்தாதி 54 ஆம் பாடலும் இவ்வகையின.

கணினி வழிச் சோதனை

ஒருங்குறியில் உள்ள ஒரு செய்யுள் நிரோட்டகமா என்பதை அறிய 119 எழுத்துகளையும் தேடவேண்டியதில்லை. 5 உயிர்கள், அவற்றின் 5 துணைக்குறிகள், ப, ம, வ ஆகிய 13 குறியீடுகளைத் தேடினால் போதும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் சில கோப்புகளில் இரண்டு குறியீடுகளாகப் பிரித்துச் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், முதலில் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். இச்சோதனை எழுத்தை மட்டுமே நோக்கும். இன்றைய பேச்சில் சொல்லிறுதிக் குற்றியலுகரம் பெரும்பாலும் இதழ் குவியாமலே ஒலிக்கப்படுவதால், நிரல் தள்ளிவிடும் நாடு, ஆறு போன்ற சொற்கள் செவிக்குத் தடையாகத் தோன்றாமல் இருக்கலாம்.